தலைகீழ்க் கூடை

வலையிலிருந்து வந்த சேல்கெண்டையின் வயிறு பானை மாதிரி உப்பியிருந்தது.

"ஏனுங்க, சினை மீனுங்க. உட்டுருங்க," என்றாள் ரோசி. பரிசலில் துடுப்புப் பிடித்த கை தானாகவே அவள் வயிற்றுக்குப் போனது.

ஐந்தாம் மாதம். இதற்கு முன் இரண்டு தங்கவில்லை.

பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் சினை மீனைக் கொல்லக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். இரண்டு தடவையும் இதே ஆடி மாதத்தில் முட்டை நிறைந்த மீன்களை அவள் அறுத்திருந்தாள். உடம்பில் ரத்தம் போதாது என்றாள் டாக்டரம்மா. ரோசி குற்றம் சொன்னது தன் அரிவாள்மனையைத்தான்.

யாகப்பன் தன் மடியில் கிடந்த மீனைப் பார்த்தான். மீனவர் சங்கத்தில் அந்த வருஷம்தான் நைலான் வலை கொடுத்திருந்தார்கள். பழைய நூல் வலையை நம்பிப் போகாத ஆழத்துக்கு, மேட்டூர் அணையில் ஊர் மூழ்கிக் கிடக்கும் நடுத்தண்ணீருக்கு, புருஷனும் பெண்டாட்டியும் முதல் தடவையாக வந்திருந்தார்கள். விடிந்ததிலிருந்து விழுந்த ஒரே பெரிய மீன் அது.

வேறு ஆளாயிருந்தால் ஒரு பாட்டம் திட்டியிருப்பான். யாகப்பன் மடித் துண்டோடு மீனை ஏந்தித் தண்ணீரில் விட்டான்.

மீன் போகவில்லை.

மல்லாந்து மிதந்தது. வாலை அடித்து அடித்துப் பார்த்தது. தலை ஒரு சாண்கூட உள்ளே இறங்கவில்லை. மேலே ஒரு பருந்து வட்டமிட ஆரம்பித்தது.

விட்ட மீன் கண்ணெதிரே செத்தால் கொன்ற மாதிரிதானே? ரோசிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அழுவாத புள்ள. அத அது ஊட்டுலயே கொண்டுபோயி உட்டுட்டு வாரேன்."

மீன் கூடையைத் தலைகீழாகத் திருப்பினான். விளிம்பைச் சுற்றி வலைக் கற்களைக் கட்டினான். கூடையின் அடிப்பக்கத்தில் கயிற்றை முடிந்து, மிதக்கும் மீனின் மேல் மெதுவாகக் கவிழ்த்தான். கூடையோடு மீனும் இறங்கியது. ஆழத்திலிருந்து வந்தது ஆழத்துக்கே போனால் தேறிவிடும் என்று அவனுக்கு யார் சொன்னார்களோ! கயிறு பாகம் பாகமாகக் கையை விட்டுப் போனது. பரிசல் தன் போக்கில் ஒரு சுற்றுச் சுற்றியது.

பத்துப் பாகம், பத்து ஆள் ஆழம், போனதும் கயிற்றை உலுக்கிவிட்டு மேலே இழுத்தான்.

வெறுங்கூடை.

ரோசி சுற்றுமுற்றும் தேடினாள். தண்ணீரின் மேல் எதுவும் மிதக்கவில்லை. பருந்து கரைப்பக்கம் போய்விட்டது.

போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது அவளுக்கு. கைகூப்பிக் கண்ணை மூடி மாதாவுக்குத் தோத்திரம் சொன்னாள். அதைக் காப்பாற்றினீர், இதையும் காப்பாற்றும்.

கண்ணைத் திறந்தபோது யாகப்பன் முதுகைக் காட்டி உட்கார்ந்து, மடியில் கிடந்த துண்டை அவசர அவசரமாக அலசிக்கொண்டிருந்தான். துண்டில் பால் மாதிரி வெள்ளையாக ஏதோ வழிந்திருந்தது.

ஏழு வயதிலிருந்து மீன் அறுக்கிறவளுக்கு அது என்னவென்று தெரியாதா? அமுக்கினால் அந்தப் பால் ஆண் மீனுக்குத்தான் வரும். வயிற்றில் இருந்தது முட்டையில்லை, ஆழத்திலிருந்து சட்டென்று மேலே வந்ததில் ஊதிய காற்று.

வலையிலிருந்து எடுத்தபோதே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மீன் வீட்டுக்கு வந்திருக்கும். போன இரண்டையும் நினைத்து அவள் நடுங்குவதும் கூடவே வந்திருக்கும்.

மாதாவுக்குச் சொன்னது போக இன்னும் நிறைய நன்றி அவளிடம் மிச்சமிருந்தது. அவன் துண்டைப் பிழிந்து முடிக்கட்டும் என்று ரோசி மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.