அளவு மீறிய கொட்டாவி

தலைமேல் கை வைத்துச் சத்தியம்: இதில் ஓரெழுத்தும் பொய்யில்லை.

பஸ் கவிழ்ந்து பிழைத்த நாள்முதல் தமிழ் வாத்தியாருக்குக் கண்ணை மூடினால் பிரேக் அலறும். மனநல டாக்டர், "ராத்திரிக்கு ஒரே மாத்திரை. கூட்டவும் கூடாது, நிறுத்தவும் கூடாது" என்றார்.

தூக்கம் வந்தது; பகலில் கொட்டாவியும் வந்தது. "ஆ" என்று வாய் பிளந்த வாத்தியார் பதறினார்.

"அடியே, நெடிலுக்கு ரெண்டு மாத்திரையாச்சே! அளவு மீறிட்டேன்!"

"குறில்ல விட்டுத் தொலைங்க, அதுக்கு ஒண்ணுதான்!" என்றாள் மனைவி.

"அ, அ" என்று அரைகுறையாகக் கொட்டாவி விட்டதில் தாடை பிடித்துக்கொண்டது.

ஓடிப்போய்க் காட்டியதும் அதே டாக்டர் டார்ச்சோடு குனிந்தார். "வாயைத் திறந்து 'ஆ' சொல்லுங்க."

"மாட்டேன், ரெண்டாயிடும்! வந்த தூக்கமும் போயிடும்!"

டாக்டர் சிரித்தார். "குறும்பு திரும்பிடுச்சே! மருந்து கேக்குது."

சின்னத் திருத்தம்: அவர் கொடுத்தது மாத்திரையல்ல, சொட்டு மருந்து.