ஏட்டின் கீழ்ப்பக்கம்

ஐந்து ஒட்டியிருந்தன. நான்கு ஒட்டவில்லை.

ஏன் என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஒன்பது தோல் ஏடுகளும் அவள் ஆய்வகத்தில் வளர்த்தவை. ஒரே நாளில் பிரித்த செல்கள். ஒரே சத்துநீர். ஒரே பெட்டியில், உடம்பின் சூட்டில், மூன்று வாரம்.

பேச்சியம்மாளின் கட்டைப் பிரித்தபோது ஐந்து இடங்களில் இளஞ்சிவப்பாகத் தோல் பிடித்திருந்தது. மற்ற நான்கும் துணியோடு வழுக்கிக்கொண்டு வந்தன.

பிடித்ததற்குப் பக்கத்திலேயே பிடிக்காதது. அதே மார்பு. அதே தோள்.

கிருமியா என்று பார்த்தாள். இல்லை.

பட்டாசு ஆலையில், வெடிமருந்து அடைக்கும் அறையில் தீப்பிடித்ததில், பேச்சியம்மாளின் உடம்பில் பெரும்பகுதி வெந்துபோயிருந்தது. பாவாடை நாடா இறுக்கியிருந்த இடத்தில் மட்டும் விரலகலத்துக்கு, எடுக்கத் தக்க தோல் மிச்சம். அதில் ஒரு தபால்தலை அளவு எடுத்தார்கள். அதை அவள் செல் செல்லாகப் பிரித்துத் தட்டுகளில் விதைத்தாள்.

செல் இரண்டாகும். இரண்டு நான்காகும். தட்டு நிறைந்ததும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காகும். காய்ச்சிய பாலின் மேல் படிவதுபோல ஓர் ஏடு.

அவ்வளவு மெலிசு. கையால் தொட முடியாது. எண்ணெய் தோய்த்த வலைத்துணியை அதன்மேல் வைத்து, துணியோடு சேர்த்துத் தூக்க வேண்டும். அப்படியே புண்ணின்மேல் விரிக்க வேண்டும்.

இன்னும் பன்னிரண்டு ஏடுகள் பெட்டியில் இருந்தன. நாளைக் காலை அறுவை அரங்குக்குப் போகும்.

அவைதான் கடைசி. பிரிந்து பிரிந்து செல்கள் களைத்துவிட்டன. மூடாத புண்ணோடு பேச்சியம்மாள் இன்னொரு மூன்று வாரம் தாங்க மாட்டாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

வராந்தாவில் பேச்சியம்மாளின் அக்கா உட்கார்ந்திருந்தாள். இவளைக் கண்டதும் எழுந்து வந்தாள். ஆலைக்குள் கொண்டுபோகக் கூடாதென்று வீட்டில் வைத்துவிட்டுப் போன தங்கையின் போன் இப்போது சார்ஜ் ஏறவில்லையாம். சிம்மைத் தன் போனில் மாற்ற வேண்டும். பேச்சியின் மகள் ஹாஸ்டலிலிருந்து அந்த நம்பருக்குத்தான் கூப்பிடுவாள்.

அவள் வாங்கிச் செருகினாள். போகவில்லை. மறுபடியும் செருகினாள்.

"இம்புட்டுப் படிச்சிருக்கீக. ஒரு மூலையில வெட்டு இருக்குல்ல, அதப் பாத்துப் போடுங்க மேடம். குப்புறப் போட்டா எப்படிப் போகும்?"

அவள் சிம்மைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

குப்புற.

தோல் கீழிருந்து மேலே வளர்கிறது. அடியில் இருக்கும் செல்கள்தான் உயிரோடு பெருகுகின்றன. பற்றிக்கொள்வதும் அவைதான். மேலே தள்ளப்பட்டவை தட்டையாகி, காய்ந்து, உதிரக் காத்திருக்கின்றன. அவளுடைய ஏட்டிலும் அப்படித்தான். தட்டைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கம் புண்ணைத் தொட வேண்டும். புரண்டு விழுந்தால், பற்றக்கூடிய செல்கள் காற்றைப் பார்த்துக் கிடக்கும்.

ஈர வலைத்துணியில் ஏடு எந்தப் பக்கம் இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது.

சிம்மைப் போட்டுக் கொடுத்துவிட்டு அரங்குக்குப் போனாள். அன்று ஏடுகளை எடுத்துக் கொடுத்த செசிலி சிஸ்டர் கருவிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். வலைத்துணியைத் தட்டிலிருந்து எப்படி எடுப்பீர்கள் என்று கேட்டாள்.

சிஸ்டர் ஒரு சாதாரணத் துணியை நீரில் போட்டார். இடுக்கியால் ஒரு ஓரத்தைப் பிடித்துத் தூக்கினார். நீரை வடித்தார். இன்னும் சொட்டியது. சட்டென்று மறுபக்கம் திருப்பி இன்னொரு முறை வடித்தார்.

சொட்டாத துணியைத் திருப்ப வேண்டியிருக்காது. அன்று சொட்டிய நான்கையும் இப்படித்தான் திருப்பியிருப்பார்.

"இருபத்தாறு வருஷமா இந்தத் துணியத்தான் போடுறேன். இதுல ஏதும்மா உள்பக்கம், வெளிப்பக்கம்?"

தீக்காயத்துக்கு வெறும் துணியாகப் போட்ட வரைக்கும் அது சரி.

அவள் ஏட்டைப் பற்றிச் சொன்னாள். பொறுமையாக, அடியில் இருக்கும் செல்களிலிருந்து தொடங்கி. இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். சொல்லத் தோன்றவில்லை.

இடுக்கி அந்தரத்தில் நின்றது.

"எத்தனை?"

"நாலு, சிஸ்டர்."

செசிலி சிஸ்டர் துணியை மெதுவாகத் தட்டில் வைத்தார். கையுறையைக் கழற்றினார்.

மறுநாள் காலை, ஏடுகளைத் தூக்கும் முன்பு, அவள் பன்னிரண்டு வலைத்துணிகளையும் சதுரமாக இல்லாமல் நீள்சதுரமாக நறுக்கினாள். ஒவ்வொன்றிலும் ஒரே மாதிரி ஒரு மூலையைக் கத்தரித்தாள்.

அரங்கில் முதல் துணி தட்டிலிருந்து வந்தது. நீர் வடித்தார் சிஸ்டர். இன்னும் சொட்டியது. கை தானாகத் திருப்பியது. வடித்தது.

பிறகு விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார். எல்லோரும் காத்திருந்தார்கள்.

வெட்டு மேலே, இடப்பக்கம் இருந்தது.

சிஸ்டர் துணியைத் திருப்பினார்.

நீளவாக்கில் பிடிக்க வேண்டும். வெட்டிய மூலை மேலே, வலப்பக்கம் இருந்தால், உயிருள்ள பக்கம் கீழே, புண்ணைப் பார்த்து.