ஆறாவது பாட்டு

வாராவாரம் ராக் ஆல்பங்களைப் பரிந்துரைத்து எழுதுவது என் வேலை. அந்தப் புதுக் குழுவின் ஆல்பத்தில் இரண்டு பாட்டுதான் கேட்டிருந்தேன். ஆனாலும், 'ஆறாவது பாட்டில் டிரம்ஸ் உயிரை உலுக்குகிறது' என்று எழுதிவிட்டேன்.

திங்கட்கிழமை ஓர் அம்மா அலுவலகத்துக்கு வந்தார். நான் எழுதியதை லேமினேட் செய்து வைத்திருந்தார்.

"டிரம்ஸ் வாசிச்ச ரூபன் என் பையன் சார். அவன் தவறிப்போனப்புறம், அவன் வாசிக்க வேண்டிய ஆறாவது பாட்ட குழுப் பசங்க நாலு நிமிஷம் காலியா விட்டுட்டாங்க. எனக்கு ஒரு சத்தமும் கேக்கல. உங்களுக்குக் கேட்டிருக்கு."

போனில் அந்தப் பாட்டைப் போட்டு, ஹெட்போனை என்னிடம் நீட்டினார்.

"எந்த இடத்துல வருதுன்னு காட்டுங்க சார்."

காதில் வைத்துக்கொண்டேன். மூன்றாவது நிமிடத்தில் என் விரல் மேசையில் தட்டத் தொடங்கியது. அவர் குனிந்து, மேசைமேல் காதை வைத்துக்கொண்டார்.

பாட்டு முடிந்துவிட்டது. தட்டுவதை நிறுத்த எனக்குத் துணிவு வரவில்லை.