இல்லை என்று சொன்ன கணினி

"விண்டோஸ்ல சிடி டிரைவ் இருக்குன்னு வருது, மேக்லயும் வருது. லினக்ஸ் மட்டும் இல்லன்னே சொல்லுது, பாஸ்," என்றாள் புனிதா அலுப்புடன்.

"நாளைக்கு கிள்ளான்லேர்ந்து கஸ்டமர் வராரு லா. மூணுலயும் காட்டலன்னா ஆர்டர் போச்சு," என்றார் முதலாளி சோமசுந்தரம்.

கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் அவர்களுடைய மென்பொருள், தான் ஓடும் உண்மையான கணினியின் சிடி டிரைவைத் தானே கண்டுபிடிக்க வேண்டும். நிரலைத் திருத்தித் திருத்திப் புனிதாவுக்குக் கண் எரிந்தது. ஒருவழியாக லினக்ஸும் 'இருக்கிறது' என்றது.

மறுநாள் பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்துக்கு வந்த வாடிக்கையாளர் பையிலிருந்து ஒரு சிடியை எடுத்தார். விண்டோஸ், மேக், லினக்ஸ் என்று மேசையிலிருந்த மூன்று புதிய லேப்டாப்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத எங்க போடறது, தங்கச்சி?"

மூன்றிலுமே சிடி டிரைவ் கிடையாது. உண்மை சொன்ன ஒரே கணினிக்கும் புனிதா பொய் சொல்லக் கற்றுக்கொடுத்திருந்தாள்.