இது யார் தைச்சது?

மாமரத்து முசுறு எறும்புகள் இலைகளை இழுத்துச் சேர்த்து, தங்கள் குஞ்சுப் புழுக்கள் விடும் நூலால் தைத்துத்தான் கூடு கட்டும். தையல் எங்கே பிரிந்தாலும் மேஸ்திரி எறும்பு ஒன்றே ஒன்றுதான் கேட்கும்: "இது யார் தைச்சது?" தைத்த எறும்பு அன்றைக்கே பல்லி திரியும் அடிமரத்துக்குக் காவலுக்குப் போய்விட வேண்டும்.

ஒரு மழையில் பாதிக் கூடு பிரிந்து, அந்தப் பக்கத்து முட்டைகளெல்லாம் சேற்றில் விழுந்தன.

"யார் தைச்சது?"

"நான்தான்" என்றது சிவப்பி என்ற எறும்பு. "பிரியப்போகுதுன்னு நேத்தே தெரியும்."

"அடிப்பாவி! சொல்லித் தொலைச்சிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா, யார் தைச்சதுன்னு நேத்தே கேட்டிருப்பீங்க."

மேஸ்திரி சிவப்பியை அடிமரத்துக்கு அனுப்பவில்லை. மிச்சமிருந்த கூட்டுக்குள் போய் ஒரு மூலையைத் தொட்டுக் காட்டியது. "இது நான் தைச்சது. நூல் பத்தல. இன்னொரு மழை தாங்காது."

பிறகு மேலேயிருந்து ஒரு குரல் வந்தது: "இங்கயும் ஒரு இடம் இருக்கு மேஸ்திரி." அடுத்து வாசல் பக்கமிருந்து. அப்புறம் நாலா பக்கமிருந்தும்.

மேஸ்திரி கூட்டைச் சுற்றிலும் பார்த்தது. இதற்குள்ளேயா இத்தனை நாளும் நிம்மதியாகத் தூங்கினோம்?