பழகின வண்டி

பூங்கோதையின் அப்பா மாரப்பன் முதன்முதலாகச் சொந்தமாக வாங்கிய டிரெய்லர் லாரி, அதுவரை அவர் சம்பளத்துக்கு ஓட்டிவந்த அதே லாரிதான். கம்பெனி அதை விற்கப்போகிறது என்று தெரிந்ததும் தோட்டத்தை விற்று வாங்கிவிட்டார்.

"பழகின வண்டி. அதோட இருமல்கூட எனக்குத் தெரியும். இனி உன்ற படிப்புக்கு யாரு கையையும் பாக்க வேண்டாம், அம்மிணி" என்றார்.

சங்ககிரியில் வீட்டு வாசலில் பூசை போட்டு, டயர்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். லைசன்ஸ் ஒழிந்துபோன காலம் அது. யார் ஓட்டலாம் என்று வண்டியே முகம் பார்த்துச் சொல்லும்.

"மாரப்பன் அண்ணா, ஓட்டும்போது உங்களுக்குக் கண் சொருகுகிறது. பல வருடமாகச் சொல்கிறேன். ஏதாவது நடந்தால் பொறுப்பு கம்பெனியுடையது என்பதால் ஓடினேன். இனி முடியாது" என்றது வண்டி.

"நான்தாஞ்சாமி!" என்று அப்பா ஸ்டியரிங்கைத் தடவினார். அது அசையவில்லை.

"ஏனுங்க, வேற வண்டின்னா உங்களைத் தெரிஞ்சே இருக்காதுங்களே" என்று அம்மா தலையில் கைவைத்தாள்.

வண்டியின் கேமரா, காலேஜ் பையோடு கீழே நின்ற பூங்கோதையின் பக்கம் திரும்பியது.

"இவர் ஓட்டலாம்."

வேண்டாம் என்று அப்பா சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். அவர் மெல்ல நகர்ந்து கிளீனர் சீட்டில் உட்கார்ந்தார்.

"ஏறு அம்மிணி. ஒரே ஒரு நடைதான்" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

பையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஏறினாள். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின.