ஃபுரூசினாவின் முகம்

மலையூரின் பழைய மரத் தேவாலயத்துக்குள் மழைநாளின் வெளிச்சம் கலங்கலாக விழுகிறது. ஓவியங்களைச் செப்பனிட வந்த ஸ்மராண்டா, சாரத்தின் மேல் பஞ்சு சுற்றிய குச்சியோடு மண்டியிட்டிருக்கிறாள். எதிரே சுவரில் மாதா. பழைய ஓவியத்தின் மேல் உள்ளூர்க்காரன் ஒருவன் தீட்டிய மாதா அது. அவன் பார்த்து வரைந்தது ஃபுரூசினாவை. அவள் செத்துப் பல வருடமாகிறது. அவள் புருஷன் டோடெர், கோயில் மணியடிப்பவர், தொப்பியைக் கசக்கியபடி கீழே நிற்கிறார். “மேல இருக்கிற சாயம் அடியில இருக்கிற படத்தத் தின்னுக்கிட்டே இருக்குதுங்க. எடுத்துத்தான் ஆகணும். இத போட்டோ புடிச்சுத் தர்றேன்” என்கிறாள் ஸ்மராண்டா. “நாள் முழுக்க நிக்க வச்சுட்டான்னு அவளுக்குக் கோவம். அதான் மாதா இப்படி உம்முன்னு இருக்கு” என்கிறார் அவர். சிரிக்க முயன்று விட்டுவிடுகிறார்.

கூரைப் பலகைகளில் மழை வலுக்கிறது. ஸ்மராண்டா பஞ்சைக் கரைசலில் நனைத்து, நீல அங்கியின் ஓரத்துக்குக் கொண்டுபோகிறாள். “அங்க வேணாம்மா. முகத்துல இருந்தே ஆரம்பிங்க. கீழ இருந்து கொஞ்சங் கொஞ்சமா நீங்க மேல போறத என்னால பாத்துக்கிட்டு நிக்க முடியாது” என்கிறார் டோடெர். அவள் எழுந்து கன்னத்தில் ஒற்றுகிறாள். பஞ்சு இளஞ்சிவப்பாகிறது. டோடெர் தொப்பியைத் தரையில் வைத்துவிட்டு, சாரம் ஆடாதபடி அதன் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறார்.